வாசற்படி எடுத்த வீடு

பெரம்பலூர்
19.1.2025

சுந்தரா,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நீ பி.எட். படிக்கத் திருச்சிக்குப் போன வருஷம் உனக்கு எழுதியது. அதற்கப்புறம் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. தபால் கவர் கேட்டதும் போஸ்டாபீஸ் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பொங்கலன்று அரியலூர் வந்தேன். போன ஞாயிறும் வந்தேன். இரண்டு தடவையும் உன் அண்ணன் வைரக்கண்ணு மச்சான் என்னை முன்னறையில் உட்காரவைத்து, "தூங்குது மாப்ள, இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றார். அண்ணி காப்பி கொடுத்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. வாங்கிவந்த ஆரஞ்சுப் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை நேராக அங்கே கொண்டுபோனது சரிதான். உன் அம்மா இருக்கிறார், அண்ணி இருக்கிறார். இங்கே என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நமக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய், இந்தப் பக்கம் நான் காப்பி குடிக்கிறேன் என்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். வீட்டில் தரையை மாற்றுகிறேன். கூடத்து டைல்ஸ் ரொம்ப வழுக்குகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். மழைக்காலத்தில் நீ கோணிச்சாக்கை விரித்துப் போட்டுத்தான் நடப்பாய். நீ திரும்பி வரும்போது வழுக்கக் கூடாது. அதனால் பூலாம்பாடியிலிருந்து அய்யம்பெருமாள் என்கிற மேஸ்திரியை ஏற்பாடு செய்து, கூடத்தில் கொத்தி எடுக்க ஆரம்பித்துவிட்டோம். வீடு முழுக்கச் சிமெண்டுப் புழுதி. பாத்திரங்களையெல்லாம் பழைய புடவையால் மூடி வைத்திருக்கிறேன். எந்தப் புடவை என்று கேட்காதே, எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். மருந்தைத் தவறாமல் சாப்பிடு.

அறிவுச்செல்வன்


அரியலூர்
25.1.2025

என்னங்க,

கடிதம் வந்தது. அண்ணி பிரிக்காமல்தான் கொடுத்தார்.

முதலில் ஒன்று. நீங்கள் வந்த இரண்டு தடவையும் நான் தூங்கவில்லை. தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னதே நான்தான். அண்ணன்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் காப்பி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்வரை எனக்குக் கேட்டது.

ஏன் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்களே, ஒரு முகம் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை நிற்கிற மாதிரி. அந்த முகத்துக்கு ஆறுதல் சொல்ல எனக்கு இப்போது தெம்பு இல்லை. அடிபட்டவள் நான். போனிலும் அதேதான். "எப்டி இருக்க" என்பீர்கள். "இருக்கேன்" என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. கடிதமே தேவலை. முடிகிறவரை குறுக்கே பேச ஆள் இல்லை.

தரை விஷயம். அந்த டைல்ஸை நான் அலைந்து திரிந்து எடுத்தேன். வெளிர் மஞ்சளில் ஓரத்தில் மட்டும் லேசாகப் புகை நிறம் ஓடியிருக்கும். வீடு கட்டும்போது நீங்கள் கரண்டு ஒயரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இப்போது என்னைக் கேட்காமல் உடைக்கிறீர்கள். வழுக்கினால் என்ன? நான் ஆறு மாதம் ஓய்வெடுத்துவிட்டு எழுந்து நடக்கப் போகிறேன் என்று திருச்சியில் டாக்டர் சொன்னதாக நீங்கள்தானே சொன்னீர்கள். இத்தனை வருஷம் அந்தத் தரையில் நடந்தவளுக்கு இனிமேல் நடக்கத் தெரியாதா?

இங்கே அம்மா காலையும் மாலையும் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறார். செட்டிகுளம் மலைக்கு என்னை நடத்திக் கூட்டிவருவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். அண்ணன் யாரோ ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார். அவர் என் பாதத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நரம்பு தூங்குதும்மா, எழுப்பிப்புடலாம்" என்றார். இந்த வீட்டில் எல்லோரும் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மிச்சமுள்ள டைல்ஸையாவது உடைக்காமல் விடுங்கள்.

சுந்தராம்பாள்


பெரம்பலூர்
1.2.2025

சுந்தரா,

நீதான் சொல்லச் சொன்னாய் என்பதைப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சரி. என் முகம் அப்படி இருக்கிறது என்றால் நான் என்ன செய்வேன். கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கே தெரிகிறது.

டைல்ஸை நிறுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டது. பாதிக் கூடம் மண்தெரிய இருக்கிறது. இனி விட்டால் வீடு இரண்டுங்கெட்டானாகிவிடும். ஆனால் வேலை நன்றாக நடக்கிறது. அதைக் கொஞ்சம் எழுதுகிறேன், உனக்கும் பொழுது போகும்.

கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒரு படி இறங்குவோமே, அதைத் தூர்த்து ஒரே மட்டமாக்கியாயிற்று. குளியலறைத் தரையையும் தூக்கி, தண்ணீர் வெளியே வராதபடி வாட்டம் விட்டிருக்கிறோம். அதன் கதவு சின்னது என்று நிலையை எடுத்துவிட்டு அகலமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாசலில் ஏறுகிற படிகளுக்குப் பதிலாக ஒரு சாய்தளம் வருகிறது.

வீட்டு வாசற்படியில்தான் மேஸ்திரி தகராறு செய்தார். நிலையின் அடிக்கட்டையை அறுத்து எடுத்துத் தரையோடு தரையாக்க வேண்டும் என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டார். "வாசப்படி இல்லாத வூடு வூடுங்களா சார்? மஞ்சக் குங்குமம் வெக்கிற எடம். நான் கை வெக்க மாட்டேன், வேற ஆளப் பாத்துக்கங்க" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். பின்னாலேயே போனேன். ஏன் எடுக்கவேண்டும் என்று சொன்னேன். அவர் பீடியைப் பாதியிலேயே அணைத்துவிட்டு உள்ளே வந்தார். வெற்றிலை பாக்கு வைத்துச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, அவரே ரம்பத்தை எடுத்து அறுத்தார்.

புதிய டைல்ஸ் பளபளப்பு இல்லாதது, கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. நிறம் சாம்பல். உனக்குப் பிடிக்காமல் போனால் சொல்.

அறிவுச்செல்வன்


அரியலூர்
5.2.2025

என்னங்க,

நடக்கிறவளுக்குச் சாய்தளம் எதற்கு?

நடக்கிறவளுக்கு வாசற்படி தடுக்குமா? குளியலறைக் கதவு ஒரு ஆள் நுழையப் போதாதா? நாம் இரண்டு பேரும் எத்தனை வருஷமாக அதில் நுழைந்து வெளியே வருகிறோம்.

மேஸ்திரியிடம் ஏன் என்று சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள்? அதைக் கேட்டு அவர் பீடியை அணைத்தார். எனக்கும் அதே வார்த்தையில் எழுதுங்கள்.

டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?

சுந்தராம்பாள்


பெரம்பலூர்
14.2.2025

சுந்தரா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நேரில் வந்து சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பினேன். நீ அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். எழுதிவிடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் என்னையும் மச்சானையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தண்டுவடம் நசுங்கியிருக்கு. எலும்ப நிமித்தி வெச்சாச்சு, ஆனா நரம்பு எங்க கையில இல்ல. இடுப்புக்குக் கீழ ஒணர்வு திரும்புற மாதிரி எனக்குத் தெரியல" என்றார். "தங்கச்சி எப்ப சார் நடக்கும்?" என்று மச்சான் கேட்டார். கேள்வி புரியாதவர்போல டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "சக்கர நாற்காலிக்கு ஏத்த மாதிரி வீட்ட மாத்திக்குங்க. அதுதான் அவங்களுக்கு நீங்க செய்யக்கூடியது" என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "அதுக்கிட்ட சொல்லாதீங்க மாப்ள. ஒடஞ்சு போயிரும். ஆறு மாசம்னு சொல்லுங்க. அதுக்குள்ள கடவுள் பாப்பாரு" என்றார். நான் சரி என்றேன். அவருக்காக என்று சொன்னால் பொய். அந்த நேரத்தில் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

உன் கட்டிலுக்கு வந்தேன். "என்ன சொன்னாரு?" என்று கேட்டாய். ஆறு மாதம் என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டாய்.

பிறகு இந்த வீட்டுக்குத் தனியாக வந்தேன். அவர் சொன்னதில் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான் இருந்தது. உன்னிடம் சொல்ல முடியவில்லை, ஆனால் தரையை மாற்ற முடியும். நீ வருவதற்குள் முடித்துவிட்டால் பேசவேண்டிய அவசியமே வராது என்றுகூட ஒரு முட்டாள் நினைப்பு இருந்தது.

மேஸ்திரியிடம் சொன்னது இதுதான்: "எங்க வூட்டுக்காரம்மா இனிமே நடக்க மாட்டாங்க." வாய்விட்டு அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அறிவுச்செல்வன்


அரியலூர்
9.3.2025

என்னங்க,

மூன்று வாரமாக எழுதவில்லை. நீங்கள் பயந்துபோய் அண்ணனுக்குப் போன் செய்தீர்களாம். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தார். என் சக்கர நாற்காலியை அவர் பக்கத்தில் தள்ளிவிடும்படி அண்ணியிடம் சொன்னேன். "எங்க வூட்டுல வாசப்படிய எடுத்துட்டாங்கண்ணே. எதுக்குண்ணே?" என்று கேட்டேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்துபோய்க் கொல்லைக் குழாயில் முகம் கழுவினார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணிதான் போய்க் குழாயை மூடி அவரை உள்ளே கூட்டிவந்தார்.

அம்மாவிடம் நானே சொன்னேன். "டாக்டரு என்ன சாமியா?" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கும் உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை. அவர் கை என் முழங்காலில் போவதைக் கண்ணால் பார்க்கிறேன், வேறு ஒன்றும் தெரிவதில்லை. அவருக்கு என் காலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொட்டுக்கொள்ளட்டும்.

எனக்குத் தெரியாமல் இருந்தது என்று நினைக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருவாள். என் பாதத்தில் ஊசியால் குத்திவிட்டு, "தெரியுதாம்மா?" என்பாள். இல்லை என்பேன். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொள்வாள். மதிப்பெண் போடும்போது நானும் எத்தனையோ பிள்ளைகளிடம் அப்படி முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அன்றைக்கே தெரியும். ஆனால் நீங்கள் ஆறு மாதம் என்றீர்கள். உங்களை நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதனால் தெரிந்ததை மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது. ஒரு வாரம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன். அழுதேன். அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

ஆனால் ஒரு கோபம் மட்டும் தீரவில்லை. கால் என்னுடையது. அதைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் பேசி முடித்தீர்கள். சரி, அது பயத்தில் செய்தது. தரையையாவது என்னைக் கேட்டிருக்கலாமே? அந்த வீட்டில் நாற்காலியில் சுற்றப்போகிறவள் நான். உங்களுக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அண்ணன் வீட்டில் தினமும் தள்ளிப் பழகுகிறேன். நேரே போவது சுலபம், திரும்புவதுதான் கஷ்டம். சமையலறை மேடைக்குக் கீழே கால் நுழைய இடமில்லாவிட்டால் பக்கவாட்டில்தான் நிற்கவேண்டும், அடுப்பு எட்டாது. டைல்ஸுக்கு நடுவில் இடைவெளி அகலமாக இருந்தால் முன்சக்கரம் இடறும், முதுகில் போய்க் குத்தும். கட்டில் உயரமும் நாற்காலி உயரமும் ஒன்றாக இருக்கவேண்டும். இதெல்லாம் கவனித்தீர்களா?

நான் சொல்கிறவரை வேலையை நிறுத்துங்கள். சாம்பல் நிறம் பரவாயில்லை.

சுந்தராம்பாள்


பெரம்பலூர்
16.3.2025

சுந்தரா,

நீ குறை சொன்ன இடங்களைத் திருத்துவதைத் தவிர மற்ற வேலையை நிறுத்திவிட்டேன்.

நீ எழுதியதில் ஒன்றைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. அதனால் ஆபீஸ் நண்பர் ஒருவர் தகப்பனாருக்கு வைத்திருந்த சக்கர நாற்காலியை வாங்கிவந்து நானே உட்கார்ந்து பார்த்தேன். குளியலறைக்குள் நுழைந்துவிட்டேன், வெளியே வரத் தெரியவில்லை. மேஸ்திரிதான் பின்னாலிருந்து இழுத்தார். பிறகு வாசல் சாய்தளத்தில் ஏறப் பார்த்தேன். நடுவிலேயே கை விட்டுப்போய்ப் பின்னால் உருண்டேன். அவர் ஓடிவந்து பிடிக்காவிட்டால் தெருவுக்குப் போயிருப்பேன். "செங்குத்தாப் போச்சு சார். ஒங்களாலயே முடியல, அம்மா எப்புடி ஏறுவாங்க" என்று அவரே அதை உடைத்துவிட்டார். இப்போது வாசலிலிருந்து வேப்பமரம்வரை நீளமாக இழுத்து, சரிவைக் குறைத்துக் கட்டியிருக்கிறோம். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வருகிறது.

சமையல் மேடைக்குக் கீழே இருந்த கடப்பைக் கல்லை எடுத்து, காலுக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். மேடை உயரம் எவ்வளவு வேண்டும் என்று நீதான் அளந்து எழுதவேண்டும். கூடத்தில் டைல்ஸை இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டிப் பதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மச்சான் இங்கே வந்தார். சொல்லாமல் வந்தார். வீடு முழுவதும் நடந்து பார்த்தார். குளியலறையில் பதித்திருந்த கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கூடத்து நடுவில் நின்றுகொண்டு, "எல்லாம் சரி மாப்ள. யாரு பாத்துப்பா? நீங்க ஆபீஸ் போயிருவீங்க. அது ஒத்தையில கெடக்கணுமா? எங்கூட்டுல நாலு பேரு இருக்கோம்" என்றார். அவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். "தரைய ஒடைச்சுக் கட்டிட்டா நடந்தது இல்லன்னு ஆயிருமா?"

ஆகாதுதான். நவம்பரில் நம் கார் மோதிய அந்தக் கல் ஏற்றிய லாரி, பின்விளக்கு இல்லாமல் ரோட்டை அடைத்து நின்றது. பொழுது சாய்கிற நேரம். போலீஸும் அதைத்தான் எழுதியது. இருந்தாலும் ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. எனக்குத் தோளில் ஒரு கீறல், உனக்கு இது. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? லீவு நாளில் பகல் முழுக்க மேஸ்திரிக்குக் கலவை எடுத்துக் கொடுக்கிறேன். அந்த நேரம் மட்டும் நெஞ்சு கொஞ்சம் சும்மா இருக்கிறது.

மச்சான் கேட்டது நியாயமான கேள்வி. நீ அங்கேயே இருக்க விரும்பினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அறிவுச்செல்வன்


அரியலூர்
23.3.2025

என்னங்க,

"நீ அங்கேயே இருக்க விரும்பினால்" என்று எழுதிய வரியைப் பல தடவை படித்தேன். பெருந்தன்மையாக எழுதியதா, பயந்து எழுதியதா என்று தெரியவில்லை.

லாரியைப் பற்றி. நானும் முன்சீட்டில்தான் இருந்தேன். நான் தூங்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டேனா? அண்ணனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "அந்த எடத்துல நீ ஓட்டியிருந்தாலும் அதான் நடந்திருக்கும்" என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் அவருக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போய்விடும். கொஞ்ச நாள் போகட்டும்.

நீங்களும் அதேபோல உங்கள்மேல் கோபப்பட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதை நான் நிறுத்த முடியாது. ஆனால் அதை எனக்குச் செய்கிற பணிவிடையாக மாற்றாதீர்கள். கலவை எடுத்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இங்கே என்னை நன்றாக வைத்திருக்கிறார்கள். அதுதான் சங்கடம். தண்ணீர் கேட்பதற்கு முன்பே வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து, என் காதுபட அண்ணியிடம், "பாவம், வாத்தியாரம்மா எப்புடி நடந்து போவாங்க" என்கிறார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் நான் அறையில் இருக்கும் ஒரு சாமான்.

நேற்று அம்மாவும் அண்ணனும் இருக்கும்போது சொன்னேன், நான் பெரம்பலூர் போகிறேன் என்று. அம்மா அழுதார். "ஆம்பள எத்தன நாளைக்குச் செய்வான்?" என்றார். அண்ணன், "வேண்டாம்னு தள்ளிட்டான்னா என்ன செய்வ?" என்று கேட்டார். "அது எங்க வூடுண்ணே. என்னய யாரு தள்றது?" என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார். நவம்பருக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆனால் அம்மா கேட்டது எனக்குள்ளும் இருக்கிறது. அதனால் சிலதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் குளிப்பாட்டுவதும் கழிப்பறை வேலையும் நீங்கள் செய்யக்கூடாது. உங்களால் முடியாது என்று இல்லை. அப்படிச் செய்தால் நீங்கள் எனக்குப் புருஷன் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும். அதற்குக் காலையில் ஒரு அம்மாவை ஏற்பாடு செய்யுங்கள். மற்ற நேரம் நான் தனியாக இருந்து பழகவேண்டும். நீங்கள் ஆபீஸ் போகவேண்டும். மருத்துவ விடுப்பு முடிந்ததும் நானும் பள்ளிக்கூடம் போவேன். தலைமையாசிரியருக்கு எழுதியாயிற்று. கீழ்த்தளத்தில் வகுப்பு தருவதாகப் பதில் வந்திருக்கிறது.

மேடை உயரம் அளந்து தனித்தாளில் வைத்திருக்கிறேன். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

சுந்தரா


பெரம்பலூர்
20.4.2025

சுந்தரா,

தரை முடிந்துவிட்டது. நேற்று மேஸ்திரி கடைசியாகக் கழுவிவிட்டுச் சாமான்களைக் கட்டினார். போகும்போது வாசலில் நின்று, "அம்மா வந்தன்னிக்குச் சொல்லி வுடுங்க சார், ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்" என்றார்.

ஈரம் காய்ந்த பிறகு நான் வெறுங்காலோடு வாசலிலிருந்து கொல்லைவரை நடந்து பார்த்தேன். எங்கேயும் ஏறவில்லை, இறங்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அதே தூரம் போனேன். இந்தத் தடவை குளியலறையிலிருந்து நானே வெளியே வந்துவிட்டேன்.

பாப்பாயி என்று ஒரு அம்மா காலையில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். உன்னைவிடக் கண்டிப்பானவராகத் தெரிகிறது.

நீ போட்ட நிபந்தனைகளில் ஒன்றுதான் எனக்குக் கஷ்டம், உன்னைத் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போவது. முயற்சி செய்கிறேன். முடியும் என்று இப்போதே சொன்னால் அது இன்னொரு ஆறு மாதக் கதையாகிவிடும். அதனால் சொல்லவில்லை.

மச்சான் வேன் வைத்து அவரே கூட்டிவருவதாகச் சொல்கிறார். வரட்டும். அவர் வந்து உன்னை இறக்கிவிட்டால்தான் அவர் மனசுக்கும் சரியாக இருக்கும். நாள் மட்டும் நீ சொல்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. உளிச்சத்தம் பழகிவிட்டது போல.

அறிவு


பெரம்பலூர்
17.6.2025

என்னங்க,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று நினைப்பீர்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

இன்றைக்கு நான் கீழே விழுந்துவிட்டேன்.

பாப்பாயியம்மா காலை வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். நீங்களும் போயாயிற்று. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது சக்கரத்துத் தடையைப் போட மறந்துவிட்டேன். நாற்காலி நழுவியது, நான் நடுவில் தரையில் விழுந்தேன். அடி பலமாக இல்லை. முழங்கையில் தோல் உரிந்திருக்கிறது. கால்களையும் இடுப்பையும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன், சிராய்ப்பு இல்லை. நாளை பாப்பாயியம்மாவும் பார்ப்பார்.

போன் கட்டிலின்மேல் இருந்தது, எட்டவில்லை. கத்தியிருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து படுத்திருந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார், வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிக் கூடத்துக்கு வந்தது. எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு புரண்டு குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி இழுத்து இழுத்துப் போனேன். பளபளப்பு டைல்ஸாக இருந்தால் கை வழுக்கியிருக்கும். இது பிடித்துக்கொண்டது. சமையலறையில் இருந்த முக்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலோடு அணைத்து, முதலில் முக்காலிமேல், அங்கிருந்து கட்டில்மேல். இரண்டு தடவை சரிந்து விழுந்தேன். மூன்றாவது தடவை ஏறிவிட்டேன். ஏறியதும் மூச்சு வாங்க வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புடவையெல்லாம் வியர்வை. யாராவது பார்த்திருந்தால் பாவம் என்றிருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் நாற்காலியை இழுத்து, தடையைப் போட்டு மாறி உட்கார்ந்து, முழங்கையைக் கழுவிக்கொண்டு, ரசம் வைத்தேன். மூடி வைத்திருக்கிறேன்.

இதை அண்ணனிடம் சொல்லவேண்டாம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், என் காலைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் இனி இந்த வீட்டில் எதுவும் இருக்கக்கூடாது.

படித்து முடித்ததும் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸுக்குப் போன் போட்டு லீவு சொல்லுவீர்கள். சொல்லாதீர்கள். நாளைக்கும் வழக்கம்போல் ஆபீஸுக்குப் போங்கள்.

சுந்தரா